வளையப்பனின் வலக்கை

அந்தக் காலத்தில் தீவில் இருந்த எல்லாருக்கும் ஒரே பாஷைதான். நண்டு கேட்டால் நத்தை பதில் சொல்லும். எறும்பு திட்டினால் அரணைக்கு உறைக்கும். அதனால் நல்லது எவ்வளவு நடந்ததோ தெரியாது, வம்பு நிறைய நடந்தது.

தீவின் மேற்கே, கண்டல் மரங்கள் நிற்கிற சேற்றுக் கரையில் வளையப்பன் என்று ஒரு நண்டு இருந்தான். சின்ன நண்டுதான், உள்ளங்கையில் நாலைந்து பேரை உட்கார வைக்கலாம். அன்றைக்கு அவனுக்கு இரண்டு கையும் ஒரே அளவு. அந்த இரண்டு கையாலும் சேற்றை அள்ளி, உருட்டி, வெளியே கொண்டுவந்து போட்டு, தீவிலேயே ஆழமான வளையைத் தோண்டியிருந்தான். நேரே ஒரு முழம் இறங்கினால் வலப்பக்கம் ஒரு திருப்பம், அதைத் தாண்டினால் விசாலமான அறை. வாசலுக்கு மண் கதவு. களிமண்ணை உருண்டையாகப் பிடித்து உள்ளிருந்து இழுத்து அடைத்துவிட்டால், மேலே கடலே ஏறி உட்கார்ந்தாலும் ஒரு சொட்டு இறங்காது.

புயல் வந்தால் அந்தக் கரையில் இருக்கிற எல்லாரும் ஒரே வளையில் போய் உட்கார்ந்துகொள்வது வழக்கம். புயலின் சத்தத்தைத் தனியாக உட்கார்ந்து கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. தொடர்ந்து மூன்று புயலுக்கு எல்லாரும் வளையப்பன் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அவனும் இடம் கொடுத்தான். கொடுத்துவிட்டு, “இந்த நத்தைக்காரன் வீடெல்லாம் கொழகொழன்னு ஆக்கிட்டான்” என்பான். “எறும்புங்க முட்டைய வேற தூக்கிட்டு வந்துருக்குங்க, குடித்தனமே வைக்கப் போற மாதிரி” என்பான். புயல் போன பிறகும் விடமாட்டான். வழியில் அரணையைப் பார்த்தால், “அன்னைக்கு நான் இல்லேன்னா உன் வால் மட்டும்தான் மிச்சம்” என்று நினைவுபடுத்துவான். அரணை வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விடும்.

இதெல்லாம் அவன் மனைவி அலையம்மாளுக்குப் பிடிக்காது. ஆனாலும் அவள் அவனோடுதான் இருந்தாள். அவனுக்கும் அவள் என்றால் உயிர். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லமாட்டான், அவ்வளவுதான்.

மூன்றாவது புயலுக்குப் பிறகு அலையம்மாளின் தங்கை நுரையம்மாளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை மணலாண்டி, வளையப்பனுக்குச் சகலை முறை. அவன் வந்து இருபது எட்டுத் தள்ளி ஒரு வளை தோண்டினான். வளையா அது! ஆழமும் இல்லை, திருப்பமும் இல்லை. கதவை ஒட்டிய இடத்தில் எப்போதும் ஒரு கசிவு. வளையப்பன் ஒரு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் சந்தோஷமாக இருந்தான்.

ஆனால் மணலாண்டி வாசலில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் கையைத் தூக்கிக் கூப்பிடுவான். “வாங்க, வாங்க, உள்ள வந்து ரெண்டு வாய் சேறு சாப்பிட்டுப் போங்க!” நத்தை ஒரு பேச்சு ஆரம்பித்தால் முடிக்கப் பாதி நாள் ஆகும். அதையும் முழுக்கக் கேட்பான். கேட்டுவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு இருபது எட்டு தாண்டி வந்து வளையப்பனின் வயிற்றில் விழும். எரியும். ஒருநாள் அலையம்மாள், “சகலைகிட்ட நீங்களும் போய் நாலு வார்த்தை பேசிட்டு வாங்களேன்” என்றாள். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

இப்படி இருக்கும்போது நான்காவது புயல் கிளம்பியது.

சேதி கொண்டுவந்தது ஆலாப் பறவை. காலையில் கரையின் மேல் தாழப் பறந்து, “கொண்டல் காத்து செத்துப்போச்சு. கிழக்க கடல் கறுத்துக் கெடக்கு. உச்சிப்பொழுதுக்கு வந்துரும். நான் அக்கரைக்குப் போறேன், இருக்கிறவங்க பாத்துக்கங்க!” என்று கத்திவிட்டுப் போயிற்று.

வளையப்பன் அறையைத் துப்புரவு செய்தான். கதவுக்குப் புதுக் களிமண் பிசைந்து வைத்தான். பிறகு வாசலில் வந்து, யாரையும் எதிர்பார்க்காதவன்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலில் நத்தை வந்தது, பெண்டாட்டி பிள்ளைகளோடு. வளையப்பன் தொண்டையைச் செருமினான். நத்தை, “சொகமா?” என்று கேட்டுவிட்டு அவன் வாசலைத் தாண்டிப் போயிற்று. நத்தை ஒரு வாசலைத் தாண்டிப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அடுத்து அரணை, அவன் இருக்கிற பக்கமே திரும்பாமல் ஓடியது. அதற்கப்புறம் எறும்புகள். முட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரே வரிசையாக, அவன் காலுக்கு அடியிலேயே புகுந்து போயின. நானூறு எறும்பு. அவன் எண்ணினான். எல்லாரும் போனது மணலாண்டி வீட்டுக்கு.

“ஒழுகுற வீட்டுக்குப் போறானுங்க பாரு” என்றான் வளையப்பன்.

“கூப்பிட்டாத்தானே வருவாங்க?” என்றாள் அலையம்மாள். “ஒரு கையத் தூக்கி வாங்கன்னு சொன்னா கை தேஞ்சா போயிரும்?”

“போன புயலுக்கு யாரக் கூப்பிட்டேன்? தானா வந்தானுங்கல்ல?”

“வந்தவங்கள நீங்க பேசின பேச்சு இருக்கே. அதுக்கு மழையில நனையலாம்.”

அலையம்மாள் வானத்தைப் பார்த்தாள். “நுரையா வயிறு நெறைய முட்டையோட இருக்கா. அவளால மண்ணு தூக்க முடியாது. நான் போய்க் கதவுக்கு நாலு உருண்டை உருட்டிக் குடுத்துட்டு ஓடியாந்துர்றேன்.”

“நீயுமா?”

“தண்ணி அந்தக் கண்டல் வேரத் தொடுறதுக்குள்ள வந்துருவேன். கதவ அடைச்சிராதீங்க.”

அவள் போனாள். வளையப்பன் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். அவ்வளவு பெரிய அறையில் அவன் ஒருத்தன். காற்று மெல்ல எழும்பியது. அந்தக் காற்றில் மணலாண்டி வீட்டுச் சத்தமெல்லாம் வந்தது. நத்தை ஏதோ சொல்கிறது, அரணை குறுக்கே பேசுகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். அதற்குள்ளே ஒரு சிரிப்பு அவனுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. அலையம்மாள்தான். அடிவயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை.

அந்த இடத்தில்தான் அவனுக்குப் புத்தி கெட்டது. நத்தை போனதைப் பொறுத்தான், எறும்பு போனதைப் பொறுத்தான். இதை அவனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்தான். பிசைந்து வைத்திருந்த களிமண்ணை உருட்டினான். தண்ணீர் இன்னும் கண்டல் வேரைத் தொடவில்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தே கதவை இழுத்து அடைத்தான்.

கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது.

“ஏங்க, நான்தான். தெறங்க.”

வளையப்பன் வலக்கையால் கதவை உள்ளிருந்து அழுத்திக்கொண்டான்.

“ஏங்க! தண்ணி வந்துருச்சு!”

“அங்கதான் சிரிப்பும் கூத்துமா இருக்கே” என்றான் அவன். “அங்கேயே இரு.”

அவன் சொன்னதை அவள் கேட்டுவிட்டாள். பிறகு மறுபடி தட்டினாள், இந்தத் தடவை வேகமாக, இரண்டு கையாலும். அவன் இன்னும் பலமாக அழுத்தினான். இன்னொரு தடவை கெஞ்சினால் திறந்துவிடலாம் என்று இருந்தான். அவள் கெஞ்சவில்லை. மூன்றாவது முறை ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் கடல் வந்தது.

“அலையம்மா!” என்று கத்தினான். கதவைத் திறக்கப் பார்த்தான். மேலே ஏறி நின்ற தண்ணீர் களிமண்ணை உள்ளே தள்ளியது. கையை எடுத்தால் வளை மூழ்கும். வைத்திருந்தால் அவள் வெளியே. என்ன செய்வது என்று தெரியாமல் அழுத்திக்கொண்டே நின்றான். அலை வந்து கதவில் மோதும்போதெல்லாம் அவள் தட்டுவதுபோலவே இருந்தது. “வா, வா, உள்ள வா” என்று ஒவ்வொரு மோதலுக்கும் மண்ணைப் பார்த்துச் சொன்னான்.

அன்று முழுக்கவும் மறுநாள் முழுக்கவும் புயல் தீவைப் புரட்டியது. அவ்வளவு நேரமும் அவன் வலக்கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. கை வீங்கியது, முதலில் விரல், பிறகு மணிக்கட்டு. வீங்க வீங்க அழுத்தினான். இடக்கையால் சுவரிலிருந்து ஒரு துளி சேறு எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். வேறு எதற்கும் அந்தக் கை பயன்படவில்லை. அது மெலிந்துபோயிற்று.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் வடிந்தது. வளையப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். கண்டல் மரங்களில் பாதி இல்லை. கரை எங்கே, சேறு எங்கே என்றே தெரியவில்லை. இருபது எட்டுத் தள்ளி மணலாண்டி வீட்டு வாசல் பெயர்ந்து கிடந்தது.

அந்த ஓட்டையிலிருந்து ஒரு எறும்பு வந்தது. பின்னால் இன்னொன்று. நானூறும் வந்தன. அரணை வந்தது. நத்தை வந்தது, அதற்கு வழக்கம்போல நேரமாயிற்று. கடைசியில் மணலாண்டியும் நுரையம்மாளும் வந்தார்கள். நுரையம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு அலையம்மாள் வந்தாள். அவளுக்குக் கால்களில் ஒன்று இல்லை.

மணலாண்டி இவனைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். “சகலை! நல்லாருக்கியா? அலையம்மா தண்ணியோட தண்ணியா வந்து தட்டுனாங்க. தெறந்தா பாதி வீடு முங்கிருச்சு. விட்டுட முடியுமா? ஒருத்தர் தலையில ஒருத்தர் ஏறி நின்னுக்கிட்டோம். நத்தைதான் எல்லாருக்கும் அடியில நின்னாரு!” சொல்லிவிட்டு, இப்போதும் சிரித்தான்.

வளையப்பன் அவனைப் பார்க்கவில்லை. வீங்கிப்போன வலக்கையைச் சிரமப்பட்டுத் தலைக்கு மேலே தூக்கி, தன் பக்கமாக ஆட்டினான். வா என்று அர்த்தம். வாழ்க்கையில் அவன் ஒருத்தரைக் கை தூக்கிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்துவைத்திருக்கிறேன், இனி அடைக்கவே மாட்டேன் என்று சொல்ல நினைத்தான். அழுகைதான் வந்தது. அதனால் மறுபடியும் ஆட்டினான்.

அலையம்மாள் அந்தக் கையை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தட்டினப்போ தூக்காத கை” என்றாள். நொண்டிக்கொண்டே அவன் வாசலைத் தாண்டிப் போனாள்.

அவள் திரும்பி வந்தாளா என்று கேட்பீர்கள். வந்தாள். ஆனால் எட்டுப் பௌர்ணமி கழித்து வந்தாள். அந்த எட்டுப் பௌர்ணமியும் தண்ணீர் வடிந்த நேரமெல்லாம் அவன் வாசலில் நின்று கையை ஆட்டினான். அவள் தினமும் அந்த வழியாகப் போவாள், நின்று பார்ப்பாள், போய்விடுவாள். அவன் ஓயாமல் ஆட்டினான். இழந்த கால் அவளுக்கு மெல்ல முளைத்தது. அது முழுக்க வளர்ந்த அன்றைக்கு உள்ளே வந்தாள். அவன் கையின் வீக்கம் மட்டும் வற்றவே இல்லை.

பொறாமை மட்டும் போயிற்றா? அதுவும் போகவில்லை. எதிரே மணலாண்டி பழக்கதோஷத்தில் யாரையாவது பார்த்துக் கையைத் தூக்கினால், இவன் அவனைவிட வேகமாக ஆட்டுவான். பிறந்த பையன்கள் எல்லாருக்கும் அப்பனைப்போலவே வலக்கை பெருத்திருந்தது. அதைப் பார்த்து மணலாண்டியின் பையன்களுக்கு வயிறெரிந்தது. எரிந்து எரிந்து அவர்களுக்கும் ஒரு கை வீங்கிற்று. இவர்களைப்போல இருக்கக் கூடாது என்று இடக்கையாக வீங்கிற்று. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் அலையம்மாளைப்போல இரண்டு கையும் சிறியவை. அவர்கள் யாரும் கதவை அழுத்திப் பிடித்து நின்றதில்லை.

அன்று தொடங்கிய பழக்கம்தான். இன்றைக்கும் சேற்றுக் கரையில் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பாருங்கள். ஆண் நண்டுகள் ஆளுக்கொரு வாசலில் நின்று, பெருத்த கையைத் தூக்கித் தூக்கி, பக்கத்து வீட்டுக்காரனைவிட வேகமாக, வா வா என்று ஆட்டிக்கொண்டிருக்கும். பெண் நண்டு நின்று ஒவ்வொரு வாசலாகப் பார்க்கும். தட்டினால் இவன் திறப்பானா என்று யோசித்துவிட்டு, அடுத்த வாசலுக்குப் போகும்.