நத்தை போட்ட கதவு

அந்தக் காலத்தில் நத்தைக்குக் கதவு கிடையாது. ஓட்டின் வாய் எந்நேரமும் ஆவென்று திறந்தே கிடக்கும். கண்மாயில் இருந்த சுழியாள் என்ற நத்தையும் அதற்கேற்ற வாயாடிதான். கரையில் நிற்கும் நாரை அண்ணாச்சிக்கு அது பெரிய கேலி. அவருடைய அலகு அப்போது இடுக்கி மாதிரி இடைவெளியில்லாமல் மூடும், அந்தக் கர்வம்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் வற்ற வற்ற ஆமை ஆற்றைப் பார்த்து நடந்தது, தவளை கிணற்றில் குதித்தது. ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு சுழியாள் எங்கே போவாள்? மற்ற நத்தைகளையெல்லாம் நாரை தின்று தீர்த்தாயிற்று. இனி இவள் பிழைத்து, மழைக்கு முட்டையிட்டால்தான் வம்சம் உண்டு.

"வாயை மூடத் தெரியாதவளே, தண்ணீர் வற்றட்டும். ஒரே கொத்துதான்" என்றார் நாரை.

சுழியாளுக்குப் பயம்தான். ஆனால் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை அவள். வெடித்த சேற்றில் அப்பளமாகப் பெயர்ந்து கிடந்த பொருக்கு ஒன்றை எடுத்தாள். ஓரத்தைக் கொறித்து அளவாக்கி, தன் வழுவழுப்பைப் பூசிப் பூசிக் கெட்டியாக்கி, அந்த ஒற்றைக் காலின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டாள். உடம்பை உள்ளே இழுத்தால் கதவு கச்சிதமாகப் பொருந்தியது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் தூங்கப் போனாள்.

நாரை தேடி வந்து கொத்திக் கொத்திப் பார்த்தார். பாச்சா பலிக்கவில்லை. உடனே கிணற்றுக்குப் பறந்து, அலகில் தண்ணீர் கொண்டுவந்து, கதவின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். மழை வந்துவிட்டது தங்கச்சி என்று குரலைக் குழைத்துச் சொன்னார்.

பாவம், சுழியாள் ஆசையாகக் கதவைக் கொஞ்சம் நீக்கினாள். மண்வாசனையைக் காணோம், மீன் நாற்றம்தான் அடித்தது. அதற்குள் நாரை ஓட்டின் விளிம்பைக் கவ்விவிட்டார், மேலலகு ஓட்டுக்கு உள்ளே, கீழலகு வெளியே. சுழியாள் விடுவாளா? கதவை இழுத்து இறுக்கிக்கொண்டாள். மாட்டிக்கொண்ட அலகோடு நாரை முனகினார்.

"மழை வரட்டும் அண்ணாச்சி, திறக்கிறேன். அதுவரைக்கும் நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்க" என்று உள்ளேயிருந்து சொன்னாள் சுழியாள்.

ஒன்பது நாள் அப்படியே நின்றார். பத்தாம் நாள் நிஜமான மழை கொட்டியது, மண் மணத்தது. சுழியாள் கதவைத் திறந்தாள், விடுபட்ட நாரை அலகு வலியோடு தள்ளிப் போனார். கரையோர ஈரமண்ணில் குழி பறித்து, வெள்ளை வெள்ளையாக முட்டையிட்டாள். நாரை அலகை மூடிப் பார்த்தார். நுனி சேர்ந்தது, ஒன்பது நாள் ஓட்டைக் கவ்வியிருந்த நடு சேரவில்லை.

அன்று முதல்தான் நத்தை கோடையில் கதவடைத்துத் தூங்குகிறது, மண் மணக்கும் மழைக்கே திறக்கிறது. நத்தைகுத்தி நாரைக்கோ இன்றுவரை வாய் முழுசாக மூடவில்லை.