இன்னும் கொஞ்சம்

"எதுக்கு என்னைய மேல இழுத்துட்டு வந்தீய?"

வாயிலிருந்த காற்றுக்குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு இசக்கியப்பன் கத்தினார். பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். கடலடியில் பவளப்பாறை பார்க்கும் ஆசை ஐம்பது வயதில்தான் வந்தது.

கூட இறங்கிக் கற்றுக்கொடுக்கும் ஜெனோவாவுக்கு அவர் வயதில் பாதிதான். படகின் விளிம்பைப் பிடித்து மிதந்தபடி சொன்னாள்.

"நீங்கதான அண்ணாச்சி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுனீய."

"சூப்பர்னு காட்டுனேன், டீச்சர்!"

"அடியில சூப்பர் கெடையாது. நல்லாருக்குன்னா விரலை வட்டமா வைக்கணும். கட்டைவிரல்னா மேல போவோம்னு அர்த்தம். காலையிலயே சொல்லிக் குடுத்தேன். நீங்க போன்ல செம்புக் கம்பிக்கு வெல பேசிக்கிட்டு இருந்தீய."

"சரி, தெரியாமக் காட்டிட்டேன். ஏன்னு கேட்டா கொறஞ்சா போயிருவிய?"

"கேக்க மாட்டோம். ஒருத்தர் தூக்குனா மத்தவரும் தூக்கணும். ரெண்டு பேரும் மேல வந்துரணும். அதுல பேரம் இல்ல."

"பேரம் இல்லாத சரக்கு ஒலகத்துல உண்டா?"

"இது ஒண்ணு இருக்கு. பதிலுக்குத் தூக்காதவன் நம்ம கூட்டாளி இல்ல."

"நான் ஒரு பயலோடயும் கூட்டுச் சேராம பொழைச்சவன், டீச்சர்."

அவள் புதுச் சிலிண்டரை அவர் முதுகில் மாட்டிவிட்டாள்.

மறுபடி இறங்கினார்கள்.

மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பவளம். மீன்கள் ஒதுங்கி வழிவிட்டன. அவர் மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை.

ஓரிடத்தில் பாறை முடிந்தது. அதற்கப்புறம் கடல் கருநீலமாகச் சரிந்து இறங்கியது.

சரிவில் ஓர் உருவம் நின்றது. டீச்சர் முன்னால் போய்விட்டாள் என்று நினைத்தார்.

அது கையை நீட்டியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சின்ன இடைவெளி.

இன்னும் கொஞ்சம்.

அவருக்குப் பழகிய கை. கடைக்கு வருகிறவனிடம் எடையில் பத்து, விலையில் பத்து என்று இறக்குவதற்கு அவர் காட்டுகிற அதே கை.

போனார்.

பின்னால் எங்கோ 'டங் டங்' என்று சிலிண்டரைத் தட்டும் சத்தம். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள். அவர் திரும்பவில்லை.

இன்னும் கொஞ்சம்.

வெளிச்சம் வற்றியது. அவர் சட்டையின் சிவப்புப் பட்டை சாம்பலாகிவிட்டது. காற்று மீட்டரைப் பார்த்தார். முள் கடைசிக் கோட்டில் கிடந்தது.

கட்டைவிரலைத் தூக்கினார்.

அது தூக்கவில்லை.

கோபம் வந்துவிட்டது. கிட்டே போய், முகத்துக்கு நேராகத் தூக்கினார்.

அதன் விரல்கள் நெருங்கின. இடைவெளி பாதியானது. கொஞ்சமே கொஞ்சம்.

விலையை இறக்குகிறது.

அப்போதுதான் கவனித்தார். அதன் தலைக்கு மேலே ஒரு குமிழிகூட ஏறவில்லை.

முதுகு வாரை யாரோ பிடித்தார்கள். திமிறித் திரும்பினார். குமிழிகள். குமிழிகளுக்கு நடுவே ஜெனோவாவின் கண்கள்.

தூக்கியபடியே நின்றுவிட்ட அவர் விரலைப் பார்த்தாள். தன் விரலைத் தூக்கினாள். தன்னிடமிருந்த இரண்டாவது குழாயை அவர் வாயில் வைத்தாள்.

மெதுவாக ஏறினார்கள்.

படகில் ஏறியதும் அவர் கேட்டார்.

"எனக்கு முன்னால போனது யாரு?"

"யாரும் போகல. நான் பின்னாலதான் வந்தேன். தட்டித் தட்டிக் கை வலிக்கி."

"வேற ஆளு யாராச்சும் எறங்கியிருப்பாவ."

ஜெனோவா கடலைக் காட்டினாள். கண்ணுக்கு எட்டியவரை இந்த ஒரு படகுதான். தண்ணீர் எண்ணெய் ஊற்றினது போல அசையாமல் கிடந்தது.

படகுக்காரர் ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினார்.

பிறகு அவள் மிச்சமிருந்த சிலிண்டரை உருட்டி வந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"இது முழுசா இருக்கு, அண்ணாச்சி. வந்தது வந்தாச்சு..."

கையை நீட்டினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சின்ன இடைவெளி.

அந்தக் கையைப் பற்றி அவர் அவளிடம் சொல்லவே இல்லை.

இசக்கியப்பன் சிலிண்டரை ஓரமாகத் தள்ளினார்.

கட்டைவிரலைத் தூக்கினார்.

ஏனென்று கேட்காமல் அவளும் தூக்கினாள். படகுக்காரர் கரையைப் பார்த்துத் திருப்பினார்.