வடவெளிக்கு மூன்று சொந்தக்காரர்கள்

நிலத்தைக் கயிறு போட்டு அளந்து, அதன் எல்லையைப் பெண்யானையை நடக்கவிட்டுக் காட்டிய காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். அந்தக் காலத்தில் நெடுங்கரை என்ற ஊரில் ஓர் ஏரி இருந்தது. அதன் மடையைத் திறந்து மூடும் பொறுப்பு கொற்றி என்ற பெண்ணுடையது. அவள் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்லள். வானம் இருண்டாலும், துளி கையில் விழுந்த பிறகுதான் மழை என்பாள்.

ஏரிக்கு வடக்கே வடவெளி என்ற தரிசு. அங்கே யாரும் எதுவும் பயிரிட்டதில்லை. ஆனால் மழைநீர் அதன்மேல் ஓடி வந்துதான் ஏரி நிறையும்.

ஒருநாள் அரசனின் நில அதிகாரி சாத்தங்கண்டன் வந்தான். "ஊர் வளர வேண்டும். எந்த நிலம் எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள்" என்றான். அதைச் சபையில் கேட்கவில்லை. தெருத் தெருவாகப் போய்க் கேட்டான்.

உழவர்கள் புது வயல் கேட்டார்கள், ஆகட்டும் என்றான். இடையர்கள் மேய்ச்சல் நிலம் கேட்டார்கள், ஆகட்டும் என்றான். நெசவாளர்கள் பாவு நூலை நீளமாக இழுத்து விரிக்க நீண்ட வெளி கேட்டார்கள். அதற்கும் ஆகட்டும் என்றான். மூன்று தெருவிலும் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஓலையில் ஒப்பமிடும்வரை மற்றத் தெருவுக்குத் தெரிய வேண்டாம்" என்றான்.

ஊர் முழுக்க மகிழ்ச்சி. அதுதான் கொற்றியை உறுத்தியது. மூன்று தெருவும் ஒருசேர மகிழ்ந்து அவள் பார்த்ததில்லை. அதிகாரியோ எங்கும் சுற்றினான், மடைப்பக்கம் மட்டும் வரவில்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் நிலத்தைப் பங்கிடுகிறவன் ஒன்று முட்டாள், இல்லாவிட்டால் திருடன். இவன் முட்டாளாகத் தெரியவில்லை.

"உங்களுக்கு எந்த நிலம், அண்ணே?" என்று நெசவாளர் தலைவன் சேந்தனைக் கேட்டாள்.

"உனக்கெதற்கு? ஊரே சிரிக்கும்போது நீ மட்டும் வேப்பங்காயைக் கடித்தவள்போல நிற்கிறாய்."

"சிரிக்கத் திறக்கிற வாய் பேசத் திறக்கவில்லையே, அதனால்தான்."

ஒப்பமிடும் நாள் வந்தது. ஊர்ச் சபை கூடியது. பெண்யானையும் வந்து நின்றது. "முதலில் ஒப்பம், பிறகு யானை" என்றான் அதிகாரி.

கொற்றி எழுந்தாள். "ஐயா, எல்லையைக் கண்ணால் கண்டபின் கையால் ஒப்பமிடுவதுதானே வழக்கம்?"

"அரசரின் ஆளை நம்பவில்லையா, பெண்ணே?"

"நம்புகிறேன் ஐயா. யானையைக் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறேன்."

சபை சிரித்தது. வழக்கத்தை மறுக்க முடியாமல் அதிகாரி தலையசைத்தான். கொற்றி ஊராரிடம் திரும்பினாள். "எல்லையில் நடுவதற்குக் கள்ளிச்செடி எடுத்துக்கொண்டு அவரவர் நிலத்தில் போய் நில்லுங்கள். யானை உங்களிடம் வரும்."

உழவர்கள் வடவெளிக்குப் போனார்கள். இடையர்கள் வடவெளிக்குப் போனார்கள். நெசவாளர்களும் வடவெளிக்கே போனார்கள்.

"எங்கள் நிலத்தில் உங்களுக்கு என்ன வேலை?"

"உங்கள் நிலமா? கனவு கண்டீர்களோ?"

கையிலிருந்த கள்ளிச்செடிகள் அடிக்கும் கம்புகளாக உயர்ந்தபோது, யானையோடு பாகனும் அதிகாரியும் வந்து சேர்ந்தார்கள். "யாருடைய நிலத்தை முதலில் சுற்றுவாய்?" என்று கொற்றி பாகனைக் கேட்டாள்.

பாகன் விழித்தான். "எனக்குச் சொன்னது ஒரே எல்லைதான், அம்மா. இந்த வெளி முழுவதும் ஐயாவின் தென்னந்தோப்பு, ஓடும் தண்ணீரோடு சேர்த்து. நீங்கள் எல்லோரும் சம்மதித்துவிட்டீர்கள் என்றாரே?"

உயர்ந்த கைகள் இறங்கின. எல்லாத் தலைகளும் அதிகாரியின் பக்கம் திரும்பின. "அந்த ஓலையை இங்கேயே உரக்கப் படியுங்கள்" என்றாள் கொற்றி. அவன் படிக்கவில்லை, ஓலையைச் சுருட்டிக்கொண்டு, யானைக்குக்கூடக் காத்திராமல் ஊரைக் கடந்தான்.

"தப்பித்தோம், கொற்றி! எப்பேர்ப்பட்ட திருடன்!" என்றான் சேந்தன்.

"திருடன்தான். ஆனால் வாயை மூடச் சொன்னவன் ஒருவன். மூடிக்கொண்டவை மூன்று தெருக்கள்."

வடவெளி தண்ணீருக்கே என்று முடிவுசெய்து, கொண்டுவந்த கள்ளியை மூன்று தெருவாரும் சேர்ந்து அதைச் சுற்றி நட்டார்கள்.

ஆகவே, நம்மைத் தனித்தனியே அழைத்துக் கேட்டதெல்லாம் தருகிறேன் என்பவனிடம், எல்லோரும் ஒன்றாக நின்று "எந்த இடத்தில்?" என்று கேட்ட பிறகே சம்மதம் தர வேண்டும்.