சட்டியின் அடியில் மிஞ்சியது

எறும்பு முதல் யானை வரைக்கும் படியளக்கிறவனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள் கிட்ட வந்து உட்காருங்கள். வளர்ந்த பிள்ளைகளும் காதைக் கொடுங்கள். கதை உங்களுக்கும்தான்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெல்லிவனம் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜா பிள்ளை இல்லாமல் கண்ணை மூடிவிட்டார். அந்தக் காலத்து வழக்கப்படி பட்டத்து யானையின் துதிக்கையில் ஒரு பூமாலையைக் கொடுத்து வீதியில் விட்டார்கள். யானை யார் கழுத்தில் மாலையைப் போடுகிறதோ அவர்தான் அடுத்த ராஜா.

யானை மந்திரி வீட்டைத் தாண்டியது. வியாபாரிகள் தெருவைத் தாண்டியது. படைத்தலைவர் நெஞ்சை நிமிர்த்தி நின்ற முச்சந்தியையும் தாண்டியது. கடைசியில் உப்பு வண்டிகள் நிற்கிற சந்தைக்குள் நுழைந்து, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சாத்தப்பன் என்ற கூலிக்காரன் கழுத்தில் மாலையைப் போட்டது.

சாத்தப்பனுக்கு அப்பா இல்லை. அம்மா பூவாத்தாள்தான் ஊரார் வீட்டு நெல்லைக் குத்திக் கொடுத்து, அவனையும் இரண்டு தங்கைகளையும் ஆளாக்கினாள். தங்கைகள் கல்யாணமாகித் தூரதேசம் போய்விட்டார்கள். ஆகவே அம்மாவும் பிள்ளையும் மட்டும் பல்லக்கில் ஏறி அரண்மனைக்குப் போனார்கள்.

பூவாத்தாள் ஏழைதான். ஆனால் அவள் கைப்பக்குவம் அந்தச் சந்தைக்கே தெரியும். அவள் மொச்சைக்கொட்டைப் புளிக்குழம்பு கூட்டிவைத்தால், வாசனை பிடித்துக்கொண்டே வண்டிக்காரர்கள் வீட்டுப் பக்கம் வருவார்கள்.

அரண்மனைக்கு வந்த முதல் நாளே பூவாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையல்கட்டைத் தேடிப் போனாள். தலைமைச் சமையல்காரர் தாண்டவன் பதறிப்போய்க் குறுக்கே வந்து விழுந்தார்.

"தாயே, நீங்க ராஜமாதா. அடுப்பங்கரை வாசலைக்கூட மிதிக்கக் கூடாது."

"ஏன்பா, மிதிச்சா அடுப்பு கோவிச்சுக்குமா?"

"அடுப்பு கோவிக்காது தாயே, மந்திரி கோவிப்பார். அப்புறம் என் வேலை போயிடும்."

ஒருவன் வேலை தன்னால் போகக் கூடாது என்று பூவாத்தாள் திரும்பிவிட்டாள்.

அந்த அரண்மனையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அன்றாடம் ராஜமாதாவுக்குத்தான் முதல் இலை. அவர் கை நனைத்த பிறகுதான் ராஜா கை நனைக்கலாம். ராஜாவுக்குப் பிறகு மந்திரி, மந்திரிக்குப் பிறகு மற்றவர்கள். பூவாத்தாள் பெரிய கூடத்தில் தன்னந்தனியாக உட்காருவாள். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் பசியோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள் இரண்டு வாய் எடுத்து வைப்பாள். மூன்றாவது வாய் இறங்காது. "போதும்பா" என்று எழுந்துவிடுவாள்.

நாளாக ஆக இரண்டு வாய் ஒரு வாயாயிற்று. பிறகு அதுவும் இல்லை; வழக்கத்துக்காக விரலை மட்டும் நனைத்துவிட்டு விட்டுவிடுவாள். பூவாத்தாள் படுத்துவிட்டாள்.

வைத்தியர் வந்து நாடி பார்த்தார். "உடம்பில் நோய் எதுவும் இல்லை, மகாராஜா. சாப்பாடு இறங்கினால் பிழைப்பார். இறங்காவிட்டால் அமாவாசை தாண்டுவது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாத்தப்ப ராஜா அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"ஆத்தா, என்ன வேணும் சொல்லு. நாட்டுல எங்கே இருந்தாலும் வரவழைக்கிறேன்."

"நாட்டுல எங்கேயும் இல்லைடா ராசா. நம்ம மொச்சைக்கொட்டைக் குழம்பு இருந்தா ஒரு வாய் திம்பேன்னு தோணுது."

ராஜாவுக்கு உயிர் வந்தது. தாண்டவனிடம் ஓடினார். தாண்டவன் சாமானியமான ஆள் இல்லை. மூன்று ராஜாக்களுக்குச் சமைத்தவர். ராஜமாதாவுக்கு என்றதும் அவர் மொச்சையை நெய்யில் வதக்கி, ஏலக்காய் தட்டிப்போட்டு, குங்குமப்பூவும் தூவி, வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்.

பூவாத்தாள் மோந்து பார்த்தாள். "தாண்டவா, இது குழம்பா, பாயசமா?" என்றாள். அவ்வளவு சோர்விலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சாப்பிடவில்லை.

"யாரும் வேண்டாம். நானே கற்றுக்கொண்டு நானே வைக்கிறேன்" என்றார் ராஜா.

அரண்மனையே வேடிக்கை பார்த்தது. கிரீடத்தைக் கழற்றி உறியில் மாட்டிவிட்டு ராஜா அடுப்பு ஊதினார். அம்மாவோ எங்கோ உள்ளறையில் படுக்கையில். ஒவ்வொன்றுக்கும் ராஜா கரண்டியும் கையுமாக அவளிடம் ஓடுவார். காவல்காரர்கள் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டு வழிவிட்டு அலுத்துப்போனார்கள்.

"ஆத்தா, மல்லியும் மிளகும் எவ்வளவு நேரம் வறுக்கணும்?"

"வாசனை உன்னைத் தேடி வர்ற வரைக்கும்."

"உப்பு எவ்வளவு?"

"கைக்குத் தெரியும்டா."

"என் கைக்குத் தெரியலையே, ஆத்தா!"

"இத்தனை வருஷம் உப்பு மூட்டை தூக்கினியே, அந்தக் கைக்கா தெரியலை? இங்கே நீட்டு." அவர் கொண்டுவந்த உப்பை அவள் விரலால் அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தக் கனம். மறந்துடாதே."

முதல் நாள் மொச்சை வேகவில்லை. மறுநாள் புளியின் பச்சை வாசனை போகவில்லை. மூன்றாம் நாள் குழம்பு கொதிக்கிற சத்தம் மாறி, நல்லெண்ணெய் மேலே மிதந்து வந்தது. ராஜா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். சின்ன வயசில் சாப்பிட்ட அதே குழம்பு. அவர் கண் கலங்கிவிட்டது. தாண்டவனும் ஒரு சொட்டு வாங்கிப் பார்த்து, "மகாராஜா, எனக்கே இப்படி வராது" என்று ஒப்புக்கொண்டார்.

வரகரிசிச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ராஜா தன் கையாலேயே அம்மாவுக்கு ஊட்டினார்.

"நல்லா வந்திருக்கு, ராசா. சரியா வெச்சுட்டே" என்றாள் பூவாத்தாள். ஒரு வாய் விழுங்கினாள். அடுத்த வாய்க்கு உதட்டை மூடிக்கொண்டாள்.

"ஏன் ஆத்தா? உன் குழம்புதானே?"

"என் குழம்புதான். குறை ஒண்ணும் இல்லை. ஆனா நான் தின்ன ருசி இது இல்லைடா. என்னன்னு சொல்லத் தெரியலையே."

ராஜா அப்படியே உட்கார்ந்துவிட்டார். வைத்தியர் சொன்ன அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. குழம்பு சரியாக வந்துவிட்டது. பிறகு எதுதான் சரியில்லை?

பழைய வீட்டில் அம்மா சாப்பிடும்போது எப்படி இருப்பாள் என்று யோசித்துப் பார்த்தார். தன் தட்டு ஞாபகம் வந்தது. தங்கைகளின் தட்டு ஞாபகம் வந்தது. கரண்டியோடு அம்மா நின்றது ஞாபகம் வந்தது. அம்மா சாப்பிட்டது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஏனென்றால் அதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிள்ளைகளே, பகவான் கொடுத்த கண் இரண்டும் அவருக்கு நன்றாகத்தான் இருந்தன. பசித்த பிள்ளையின் கண் தட்டைத் தாண்டிப் போவதில்லை, அவ்வளவுதான்.

"ஆத்தா, நீ எப்போ சாப்பிடுவே?" என்று கேட்டார்.

"நீங்க எல்லாரும் தின்னுட்டு எந்திரிச்சப்புறம்."

"எதுல போட்டு?"

"இது என்ன கேள்வி? சட்டியிலதான். அடியில கெட்டியா ஒட்டியிருக்கும் பாரு, அதுல ரெண்டு உருண்டை சோத்தைப் போட்டு, வழிச்சுப் பிசைஞ்சு…"

சொல்லும்போதே அவள் எச்சில் விழுங்கினாள். தொண்டை அசைந்ததை ராஜா பார்த்துவிட்டார்.

குதித்து எழுந்து ஓடினார். சின்ன மண்சட்டி ஒன்றை எடுத்து, அதில் கொஞ்சமாகக் குழம்பு கூட்டி, அடிப்பிடிக்கும்வரை சுண்டவைத்து, சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

"இந்தா ஆத்தா, அடிச்சட்டி!"

பூவாத்தாள் எட்டிப் பார்த்தாள். "யாரு தின்ன சட்டிடா இது?"

"யாரும் திங்கலை. உனக்குன்னே வெச்சது."

அவள் சட்டியை மெல்லத் தள்ளிவிட்டாள்.

"யாருமே திங்காத சட்டியை நான் எப்படிடா வழிக்கிறது?"

அப்போதுதான் ராஜாவுக்கு விளங்கியது.

மறுநாள் சமையல்கட்டு முற்றத்தில் பெரிய மண்சட்டி அடுப்பில் ஏறியது. ராஜா அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்புப் பக்கத்தில் ஒரு மணையில் உட்கார வைத்தார். குதிரைக்காரர், தண்ணீர் சுமப்பவர், சாணி தெளிக்கிற பெண்கள், காவல்காரர் எல்லாரையும் வரிசையாக உட்காரச் சொன்னார்.

மந்திரி ஓடோடி வந்தார். "மகாராஜா! ராஜமாதா கை நனைக்கும் முன்னே மற்றவர்கள் சாப்பிடலாமா? பெரிய அபசாரம்!"

"அபசாரம் என் தலையில இருக்கட்டும். உங்களுக்கும் பசிக்குதே, நீங்களும் உட்காருங்க."

மந்திரிக்கு உண்மையிலேயே பசித்தது. வாசனை வேறு ஆளை இழுத்தது. அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிரைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ராஜா பரிமாறினார். பூவாத்தாள் முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதுகு நிமிர்ந்தது. பிறகு குரல் வந்தது.

"அந்தக் கடைசி ஆளுக்கு இன்னொரு கரண்டி ஊத்து, வெக்கப்படுறான்… இந்தப் பொண்ணு பிள்ளைத்தாச்சி, மொச்சையா அள்ளிப் போடு… தாண்டவா, நீ என்ன தூணா? ஆக்குறவன் நின்னுக்கிட்டே இருக்கணும்னு எவன் சொன்னான்? உட்காரு!"

தாண்டவன் அந்த அரண்மனையில் அதுவரை உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. உட்கார்ந்தார். முதல் வாயை வைத்துவிட்டு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் கை கழுவிவிட்டார்கள். பூவாத்தாள் சட்டியை மடிக்கு இழுத்தாள். இருந்த சோற்றைப் போட்டாள். ஓரமெல்லாம் வழித்துப் பிசைந்தாள். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். நான்காவதும் இறங்கியது. அவள் சட்டிக்குள் குனிந்து சாப்பிடுவதை அவள் பிள்ளை முதன்முதலாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாதியில் நிமிர்ந்தாள். "நீ தின்னியாடா?"

"இன்னும் இல்லை ஆத்தா."

"ஐயோ, முதல்லயே சொல்லக் கூடாதா? இந்தா." சட்டியை அப்படியே நீட்டினாள்.

"நீ முடி ஆத்தா. இன்னைக்கு உனக்கப்புறம்தான் நான்."

"எனக்கப்புறம் இதுல என்னடா இருக்கும்?"

"அதைத்தான் பார்க்கணும்."

அவள் முடித்ததும் ராஜா சட்டியை வாங்கினார். விரலால் அடியைச் சுரண்டி வாயில் வைத்தார். கருகல் கசந்தது. உப்பு கரித்தது. பாதி உடைந்த மொச்சை ஒன்று கிடைத்தது. அவ்வளவுதான். வயிற்றில் ஒரு மூலைகூட நிரம்பவில்லை.

"ஆத்தா, மழை இல்லாத வருஷத்துல உனக்கு இவ்வளவுதானா மிஞ்சும்?"

பூவாத்தாள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "சில நாள் இதுவும் இருக்காது. கொஞ்சம் தண்ணியை ஊத்தி அலசிக் குடிச்சுக்குவேன். நீங்க தூங்கிடுவீங்க. அதெல்லாம் எதுக்கு இப்போ? குழம்புல இன்னும் ஒரு கொதி விட்டிருக்கலாம்டா, நாளைக்குப் பார்த்துக்கோ."

அன்று ராஜா வேறு எதுவும் சாப்பிடவில்லை. பொழுது சாயும்வரை வயிறு கூவிக்கொண்டே இருந்தது. அந்தக் கூவலை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதையும் கற்றுக்கொள்ளாமல் அம்மாவின் குழம்பைக் கற்றுக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் அவர் இன்னும் பெரிய சட்டி வாங்கினார். எல்லாருக்கும் பரிமாறினார். ஆனால் அடியில் இரண்டு பேர் வயிறு நிறையும் அளவுக்குக் குழம்பு இருக்கும்போதே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அதில் சோற்றைக் கொட்டிப் பிசைந்து, சட்டியை நடுவில் வைத்து, அம்மாவும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பிட்டார்கள். அவர் ஒதுக்கிய மொச்சையை அவள் திருப்பி அவர் பக்கம் தள்ளுவாள். அவர் அதை மறுபடியும் அவள் பக்கம் தள்ளுவார். தாண்டவன் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

அமாவாசை வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. பூவாத்தாள் அடுப்பங்கரையில் நடமாட ஆரம்பித்துவிட்டாள். நெல்லிவனத்து அரண்மனையில் முதல் இலை வழக்கம் எடுபட்டுப்போயிற்று. அதன் பிறகு அங்கே சட்டியை வழிக்கிறவர் யாரும் தனியாக உட்கார்ந்து வழிக்கவில்லை. பகவான் புண்ணியத்தில் எல்லாரும் வயிறும் மனசும் நிறைந்து இருந்தார்கள்.

ஆகவே பிள்ளைகளே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பெற்றவரின் கைப்பக்குவத்தைக் கற்க நினைப்பவர், அவர் நமக்குப் பரிமாறியதோடு, தமக்கென்று மிச்சம் வைத்துக்கொண்டதையும் ஒரு நாளாவது ருசித்துப் பார்க்க வேண்டும்.