கோட்டுப் போடாத டிரைவர்

"நான் எதை எடுக்கட்டும் மிஸ்?"

ஒரு வாரமாக இசக்கி இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாஹிரா மிஸ் பதில் சொல்லவில்லை. அவர் அப்படித்தான். இசக்கியைவிட ஏழெட்டு வயதுதான் மூப்பு. ஆனால் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

பாளையங்கோட்டையில் இருந்த அந்த கிராஃபிக் டிசைன் காலேஜில் இரண்டாம் வருஷம் முடிந்ததும் ஒரே ஒரு பிரிவை எடுக்க வேண்டும். எழுத்துரு, அனிமேஷன், ஆப், பேக்கேஜிங், போட்டோ வேலை. உள்ளே போய்விட்டால் மாற முடியாது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் பெயர் கொடுக்காவிட்டால், இடம் காலியாக இருக்கிற பிரிவில் ஆபீஸே தள்ளிவிடும்.

"உனக்கு எது வரும்?" என்றார் மிஸ்.

"எல்லாம் வரும் மிஸ். அதான் கஷ்டமே. எல்லாத்துலயும் நான்தான் ஃபர்ஸ்ட்."

பீற்றல் இல்லை. உண்மை.

"எங்கண்ணன் ஆப் எடுங்கான். ரம்யா அனிமேஷன்ங்கா. தப்பா எடுத்துட்டேன்னா எல்லாம் போச்சு மிஸ். நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, கண்ண மூடிட்டு எடுத்துருதேன்."

மிஸ் தன் போனிலிருந்து ஒரு படத்தை அவளுக்கு அனுப்பினார்.

"பேச்சிமுத்து அண்ணன். நாளைக்குப் பதினாறாம் நாள். கலியாண ஆல்பமும் மழையில நனைஞ்சு போச்சாம், வீட்டுல வேற படமே இல்லையாம். அவரோட அக்கா லேப்ல இருக்காங்க. போஸ்டர் செஞ்சு குடு."

"மிஸ், நான் கேட்டது…"

"செஞ்சு குடு."

பேச்சிமுத்து காலேஜ் பஸ் டிரைவர். பைக்கில் வீட்டுக்குப் போகும்போது லாரி இடித்துவிட்டது.

இசக்கிக்கு எரிச்சலாக வந்தது. தன் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் தூக்கிக் கொடுக்கிறார்.

லேப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் முப்பிடாதி. இசக்கி அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்த படம். கட்டம் போட்ட சட்டை. தோளில் துண்டு. யாருடைய கையோ கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

இசக்கி வேகமானவள். கையை அழித்தாள், துண்டை அழித்தாள், தழும்பையும் அழித்தாள். வாயை நேராக்கினாள். ஆளைக் கொஞ்சம் வெளுப்பாக்கினாள். கறுப்புக் கோட்டும் டையும் எடுத்து மாட்டினாள். அந்த ஊர்ச் சுவர்ப் போஸ்டர்களில் செத்தவர்கள் எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். பின்னால் மேகம். கீழே விளக்கு.

"பாருங்கக்கா."

முப்பிடாதி எழுந்து வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு பிள்ள," என்றாள். "இது யாரு?"

"உங்க தம்பிதான்க்கா."

"எந் தம்பி கலியாணத்துக்கே கோட்டு மாட்டேன்னுட்டான். வேர்க்கும்னான்."

"எல்லாருக்கும் இப்படித்தான்க்கா போடுவோம்."

"எல்லாருக்கும் போட்டுக்கோ." முப்பிடாதி திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். "கைய எங்க?"

"எந்தக் கை?"

"கழுத்துல கெடந்துச்சே."

"போஸ்டர்ல அடுத்த ஆளு கை வரக் கூடாதுக்கா. நல்லாருக்காது."

"அது என் கை பிள்ள."

இசக்கி மவுஸிலிருந்து விரலை எடுத்தாள்.

"போட்டோவுக்கு நிக்க மாட்டான். ஓடப் பாத்தான். அமுக்கிப் பிடிச்சேன்."

முப்பிடாதிக்குக் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் இசக்கி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

"அவனுக்கு ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு. இன்னும் நடக்கல. நாளைக்கு எங்கப்பா எப்படி இருப்பாருன்னு கேக்கும்லா? இதக் காட்டுனா இந்த ஆளத்தான தேடும்?"

முப்பிடாதி இசக்கியின் பக்கம் திரும்பினாள்.

"நீ அவன் வண்டியிலதான வந்த?"

"ஆமாக்கா. ரெண்டு வருஷம்."

"சொல்லு. அவன் இப்படியா இருந்தான்?"

இசக்கி யோசித்துப் பார்த்தாள். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஏறுவாள். இறங்குவாள். அவர் பின்னந்தலை மட்டும் ஞாபகம் இருந்தது. தழும்பு எந்தப் புருவத்தில் இருந்தது என்றுகூட இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. சற்று முன்னால் அதை அழித்ததே அவள்தான்.

திரும்பிப் பார்த்தாள். மிஸ் வாசலில் நின்று வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்ததை மூடிவிட்டு இசக்கி பழைய படத்தைத் திறந்தாள்.

பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. இந்தப் புருவம் எப்படி வெட்டுச்சு?"

"கெணத்துல விழுந்து. நாந்தான் தள்ளிவிட்டேன்."

"நீங்களா? எதுக்கு?"

"என் மாங்காயத் தின்னுட்டான்லா."

தழும்பை விட்டுவிட்டாள். துண்டை விட்டுவிட்டாள். நிறத்தைத் தொடவில்லை. கழுத்தில் கிடந்த கையைக் கொஞ்சம் தெளிவாக்கினாள். வளையல் தெரிந்தது.

சிரிப்புதான் மாட்டிக்கொண்டது. சின்னப் படம். போஸ்டர் அளவுக்குப் பெரிதாக்கினால் வாய் புள்ளி புள்ளியாகக் கலைந்துபோனது. திரையில் வரைகிற பேனாவை எடுத்து வரைந்து பார்த்தாள். வேறு யாரோ சிரித்தார்கள். அழித்தாள். மறுபடி வரைந்தாள். மறுபடியும் வேறு ஆள்தான்.

"நாந்தான் தள்ளிவிட்டேன்னு வெளிய சொல்லல. எங்கம்மைக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது," என்றாள் முப்பிடாதி. "வழுக்கி விழுந்துட்டேன்னு பொய் சொன்னான். எனக்காக."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கண் நிரம்பியது.

இசக்கி திரையைப் பார்த்தாள். முப்பிடாதியின் வாயைப் பார்த்தாள்.

"இசக்கி," மிஸ் கூப்பிட்டார். "அஞ்சு மணி ஆகப்போகுது. ஆபீஸப் பூட்டிருவாங்க. உனக்கு எதுன்னு குடுக்க?"

இசக்கி திரும்பவில்லை.

"எதுலயாவது போடுங்க மிஸ்."

பேனாவை அளவு பார்ப்பதுபோல முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, முப்பிடாதியின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அக்கா, இன்னொரு தடவ சிரிங்க."