மஞ்சள் கிணறும் அத்தாவின் பாலிசியும்

இந்தக் கதையைப் படிக்க ஒரு தாளும் பென்சிலும் வேண்டும். தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் மேடு. கோட்டுக்கு இடப்பக்கம் மேற்குச் சரிவு, வலப்பக்கம் கிழக்குச் சரிவு. இரண்டு சரிவுகளும் மைமூன் பீவியின் நிலம். மேற்குச் சரிவின் அடியில் பேச்சியம்மாளின் மல்லிகைத் தோட்டம்; அதில் ஒரு கிணறு. கிழக்குச் சரிவின் அடியிலும் மைமூனின் நிலம்தான். அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை. வரைந்தாயிற்றா? இனி கதைக்குப் போவோம்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு, திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மேட்டில், மைமூனின் அத்தா, அதாவது அப்பா, தோல் பதனிடும் ஆலை நடத்தினார். தோல் ஷாப் என்பார்கள். ஆலையின் கழிவுநீரை மேற்குச் சரிவில் பாத்தி கட்டித் தேக்கி, வெயிலில் காயவிடுவது வழக்கம். தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் கொட்டகை கிழக்குச் சரிவில் இருந்தது. ஒரு ஐப்பசி மழையில் பாத்தியின் கரை உடைந்தது. அந்த மாதமே பேச்சியம்மாள் வீட்டாரின் தோட்டத்துக் கிணற்று நீர் கரிக்கத் தொடங்கியது. மறுவருடம் ஆலையை மூடினார்கள். பிறகு அத்தாவும் காலமானார்.

கிணறு மட்டும் தேறவில்லை. வருடத்துக்கு வருடம் மோசமாகி, இப்போது தண்ணீர் மஞ்சளாகவே வருகிறது. மல்லிகைச் செடிகள் நுனி கருகி நிற்கின்றன. மார்கழியில் கவாத்து வெட்டுவதற்குள் தண்ணீர் நல்லதாகாவிட்டால், தோட்டத்தை விற்றுவிடுவதாகப் பேச்சியம்மாள் முடிவு செய்தாள். மனை போடுகிற ஆள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"விக்கிறதுக்கு முன்னாடி என்னை நாலு வார்த்தை திட்டிட்டாவது போடி" என்றாள் மைமூன்.

"உன்னைத் திட்டி என்ன ஆகப்போவுது? உங்க அத்தா பாத்தி கட்டினப்போ நீ என்கூட நொண்டி விளையாடிக்கிட்டு இருந்தவதானே. அதுலயும் தோத்துக்கிட்டே இருந்தே" என்றாள் பேச்சியம்மாள்.

மைமூனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அத்தாவின் இரும்புப் பெட்டியைத் திறந்து, தாள் தாளாகப் பார்த்தாள். அடியில் ஒரு இன்சூரன்ஸ் பாலிசி கிடந்தது. பாத்தியின் கரை உடைந்த அதே வருடத்துக்கானது. 'இந்தக் காலத்தில் ஆலையால் பிறர் சொத்துக்கு நேரும் சேதத்தைச் சரிசெய்யத் தேவையானதை நாங்கள் தருவோம்' என்று அதில் எழுதியிருந்தது. மறுநாளே அதை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனாள்.

அங்கே அதிகாரி ஞானராஜ் பாலிசியை மூன்று முறை படித்தார்.

"காலாவதியான பாலிசிதானே சார், தூக்கிப் போடச் சொல்லிடுவீங்களோ?" என்று கேட்டாள் மைமூன்.

"இல்லைம்மா. அந்த வருஷம் சேதம் நடந்திருக்கணும்னுதான் இதுல இருக்கு. அதே வருஷம் வந்து கேக்கணும்னு எங்கேயும் இல்லை. கிணறு கெட்டது அந்த வருஷம்தானே? அப்ப நாங்க செஞ்சுதான் தரணும்."

சொன்னபடியே கம்பெனி ஆட்கள் வந்து கிணற்றை வற்ற இறைத்தார்கள். ஆனால் இறைத்த மஞ்சள் தண்ணீரைக் குழாய் போட்டு, பக்கத்தில் காலியாகக் கிடந்த மேட்டுப் பாத்தியிலேயே விட்டுவிட்டார்கள்.

"பொறந்த வீட்டுக்குச் சீர் அனுப்புறாங்க பாரு" என்று பேச்சியம்மாள் சிரித்தாள். ஒரு மழைதான் பெய்தது. கிணறு மறுபடி மஞ்சளாயிற்று.

இரண்டாவது தடவை ஞானராஜ் கூடவே நின்றார். இறைத்த தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் லாரியில் ஏறிப் போயிற்று. அடுத்த மழை பெய்தது. கிணறு மறுபடி மஞ்சள்.

மூன்று பேரும் கிணற்றங்கரையில் கூடிப் பேசினார்கள்.

"எத்தனை தடவை வேணும்னாலும் இறைச்சுத் தர்றோம். ஆனா மேட்டு மண்ணுல கை வைக்க முடியாது. பிறர் சொத்துன்னு பாலிசியில இருக்கு. மேடு உங்க சொத்தாச்சே" என்றார் ஞானராஜ்.

"எடுக்கிறதா இருந்தா மேக்கே இருக்கிற பாத்தி மண்ணு, கிழக்கே இருக்கிற கொட்டகை மண்ணு, ரெண்டையும் எடுங்க சார். ரெண்டும் ஒரே ஷாப்போட அழுக்குதானே?" என்றாள் மைமூன்.

பேச்சியம்மாள் குறுக்கிட்டாள். "சார், என் கிணத்தை இறைச்சது போதும். அதுக்குச் செலவு பண்றதை வச்சுப் பாத்தி மண்ணை மட்டும் எடுத்துடுங்க."

"உன் கிணத்துக்கு வர்றதை வச்சு என் நிலத்தைச் சுத்தம் பண்றதா? எனக்கு வெக்கமா இருக்குடி" என்றாள் மைமூன்.

"வெக்கத்தை அப்புறமா சாவகாசமாப் படு. முதல்ல என் கிணறு."

நண்பர்களே, இங்கே நிறுத்துகிறேன். இறைத்தால் போதும் என்கிறார் ஞானராஜ். இரண்டு பக்க மண்ணையும் எடு என்கிறாள் மைமூன். பாத்தி மண்ணை மட்டும் எடு என்கிறாள் பேச்சியம்மாள். பாலிசியில் எழுதியிருப்பதை ஒரு சொல்லும் மீறக் கூடாது. அப்படியானால், மூவரில் யார் கேட்டது சரி? ஏன்?

விடை: பேச்சியம்மாள் கேட்டதே சரி. சேதத்தைச் சரிசெய்யத் தேவையானதைத் தருவதாகப் பாலிசி சொல்கிறது. இறைத்தால் கிணறு சரியாகாது என்பதை லாரியில் தண்ணீர் போன இரண்டாவது தடவை காட்டிவிட்டது. வெளியே ஒரு சொட்டும் விடாதபோதும் மழைக்குப் பின் மஞ்சள் வந்தது என்றால், அது பாத்தி மண்ணிலிருந்துதான் இறங்குகிறது. மண்வெட்டி மைமூனின் நிலத்தில் விழுந்தாலும் சீராவது பேச்சியம்மாளின் கிணறு. ஆகவே இதில் மைமூன் வெட்கப்படவும் வேண்டியதில்லை. ஆனால் கிழக்குப் பக்கத்து அழுக்கு மைமூனின் நிலத்தை விட்டு வெளியே போகவில்லை. அது பிறர் சொத்தைக் கெடுக்காததால் பாலிசிக்குள் வராது. அந்த மட்டில் ஞானராஜ் சொன்னதும் சரியே. அவர் இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆவணியில் பாத்தி மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஐப்பசி மழை முடிந்ததும் பேச்சியம்மாள் ஒரு வாளி இறைத்துப் பார்த்தாள். வாளியின் அடி தெரிந்தது. மனை போடுகிற ஆள் மூன்றாவது தடவை வந்தபோது, தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தது.