கரிச்சான் பாட்டும் வௌவால் எண்ணெயும்

ரொம்பக் காலத்துக்கு முந்தி செம்பாறை நாட்டைக் கோவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பல் முளைக்கிற பிள்ளை மாதிரி அவனுக்குச் சிரிப்பும் சிணுங்கலும் மாறி மாறி வரும்.

அவன் ஒரு கரிச்சான் குருவி வளர்த்தான். சாயங்காலம் சபையில் விளக்கேற்றியதும் அது பாடும். ராஜா சொக்கிப்போவான்.

ஒருநாள் அது பாடும்போது, ஊருக்கு வெளியே இலுப்பைத் தோப்பிலிருந்து கிளம்பிய வௌவால் கூட்டம் கீச்சிட்டுக்கொண்டே அரண்மனைமேல் பறந்தது. ராஜாவுக்கு முகம் சுருங்கியது.

தளவாய் விருப்பராயனுக்கு மந்திரி ஆவுடையார்மேல் பொறாமை. தோப்பு மந்திரியின் பொறுப்பில் இருந்தது. விடுவானா?

"மகாராஜா, தலைகீழாத் தொங்குற பிறவிக்கு ஒரு தோப்பா? வெட்டிச் சாய்த்தால் சத்தமும் போகும், நாத்தமும் போகும்."

தோப்பில் கொட்டை பொறுக்கிப் பிழைக்கும் காத்தாயி சேதி கேட்டு ஓடிவந்து விழுந்தாள். "சாமி, எங்க அடுப்பு எரியறதே அதாலதான். வெட்டிராதீங்க!"

"ஆவுடையாரே, கரிச்சானைவிட வௌவால் உசத்தி என்று நாளைச் சாயங்காலத்துக்குள் காட்டும். இல்லாவிட்டால் கோடரிதான்" என்றான் ராஜா.

மறுநாள் காத்தாயி காலையிலிருந்தே அரண்மனை வாசலில் காத்துக்கிடந்தாள். பொழுது சாய்ந்தது. சபையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. கரிச்சான் இறகுக்குள் மூக்கைச் செருகித் தூங்கிவிட்டது. ராஜா படியில் இடறினான்.

"எவனடா அங்கே? விளக்கெங்கே?"

"நான்தான் வேண்டாமென்றேன், அரசே" என்றார் மந்திரி. "வௌவால் எண்ணெய் தளவாய்க்கு நாறுமே!"

"வௌவால் எண்ணெயா?"

"இலுப்பைப் பழத்தை வௌவால் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பும். காத்தாயி கூட்டம் அதைப் பொறுக்கிச் செக்குக்குக் கொண்டுவரும். அந்த எண்ணெய் எரிந்துதான் உங்கள் கரிச்சான் பாடியது. இன்றைக்கு எண்ணெயையும் கரிச்சானிடமே வாங்கித் தரட்டும் தளவாயார்!"

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். "விருப்பராயா, இனிமேல் நீதான் தினமும் விளக்குத் துடைக்க வேண்டும். தோப்பை யாரும் தொடக்கூடாது!"

தளவாய் தலையைச் சொறிந்தான். "எப்படியும் மந்திரி தோற்பார் என்று... மத்தியானமே வெட்டியாச்சு, மகாராஜா."

ராஜா கையை உதறினான்.

"சரி போகட்டும், மரந்தானே! புதுசா நட்டுவிடும், ஆவுடையாரே. நெய்விளக்கு ஏற்றுங்கள், பாட்டுக்கு நேரமாச்சு."

நெய்விளக்கு எரிந்தது. கரிச்சான் கண்விழித்துப் பாடியது. ராஜா சொக்கிப்போனான்.

மந்திரி வாசலுக்குப் போய் மாலையைக் கழற்றிக் காத்தாயியிடம் நீட்டினார். "தளவாய் தோப்பை வெட்டிட்டார். இதை வித்துச் சாப்பிடு, தாயி."

அவள் தொடவில்லை.

"ராஜா வீட்டு முத்தை நான் எந்தக் கடையில சாமி விக்கிறது? திருட்டுக்கழுதைன்னு கையை வெட்டுவாங்க. அதுக்கும் உங்க தளவாய்தான் வருவாரு."